மண்டபத்திலிருந்து பார்த்த கலைஞர்

போன வாரம் மண்டபம் ஜெட்டிப் பக்கம் டீக்கடையில் ஒரு தம்பி, வயது இருபத்து மூன்றுகூட இருக்காது, "கருணாநிதியா, கச்சத்தீவைத் தூக்கிக் கொடுத்த ஆளுதானே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சுருக்கென்றது. இத்தனைக்கும் நான் உடன்பிறப்பு இல்லை. எங்கள் வீட்டில் எம்ஜிஆர் காலத்திலிருந்து இரட்டை இலைதான், திரையில் துடுப்புப் போட்ட மனுஷன் இருக்கும்போது கடற்கரையில் வேறு யாருக்கு ஓட்டு விழும்? இருந்தாலும் 1957இல் குளித்தலையில் ஜெயித்துச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர், 2018இல் சாகும்போதும் திருவாரூர் எம்எல்ஏவாகவே செத்தவர், பதின்மூன்று தடவை நின்று பதின்மூன்று தடவையும் ஜெயித்தவர், ஐந்து முறை முதல்வர். அவர் கணக்கை ஒரு வடை தின்று முடிப்பதற்குள் முடித்துவிட்டானே என்று இருந்தது. கடையில் வைத்து வாய்ச்சண்டை போடும் வயது எனக்குத் தாண்டிவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்தத் தீவையே பேசிவிடுவோம், அதைப் பேசாமல் எங்கள் ஊரில் கலைஞரைப் பற்றி வாயே திறக்க முடியாது.

அப்பா 1974இல் தாத்தாவோடு வள்ளத்தில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவருக்குக் கச்சத்தீவு என்பது மேப்பில் இருக்கும் புள்ளி இல்லை. வலையைக் காயப்போட்டு, கிழிந்ததைப் பொத்தி, பிடித்த மீனில் நாலைக் குழம்பு வைத்துத் தின்று, ஒரு கண் தூங்கி எழுந்து வரும் இடம். 285 ஏக்கர்தான், குடிக்கத் தண்ணீர்கூடக் கிடையாது, இங்கிருந்தே குடத்தில் கொண்டுபோக வேண்டும். அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு எங்களைப் போன்ற இந்துக் குடும்பங்களும் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போகும். ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமான தீவு என்று தாத்தா பெருமையாகச் சொல்வாராம், ஏதோ இவரே பட்டா வைத்திருந்த மாதிரி.

1974 ஜூன் கடைசியில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்துப் போட்டார்கள், தீவு இலங்கைக்குப் போனது. அப்போது சென்னையில் முதல்வர் கலைஞர். கட்சிக்காரர்களைக் கேட்டால், செய்தது டெல்லி, நாங்கள் எதிர்த்தோம், ஆகஸ்ட் 21ஆம் தேதி சட்டமன்றத்தில் தீர்மானமே போட்டோம் என்பார்கள். தீர்மானம் போட்டது உண்மைதான். ஆனால் 2024 தேர்தல் நேரத்தில் வெளியே வந்த பழைய காகிதங்களில் இன்னொன்றும் இருக்கிறது. ஒப்பந்தத்துக்கு முன்பே, அதே ஜூன் மாதம், வெளியுறவுச் செயலர் கேவல் சிங் சென்னைக்கு வந்து முதல்வரைப் பார்த்துப் பேசியிருக்கிறார். கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று முதல்வர் கேட்டிருக்கிறார், பகிரங்கமாக ஆதரிக்க என்னால் முடியாது என்றும் சொல்லியிருக்கிறார். டெல்லி அதிகாரி தன் பக்கத்துக்கு எழுதிவைத்த குறிப்பு அது, அதையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனாலும் அவருக்கு எதுவுமே தெரியாது என்ற பேச்சு இனிமேல் எடுபடாது.

என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தடுக்கும் அதிகாரம் ஒரு மாநில முதல்வருக்குக் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்லக்குடி என்ற ஒரு ஊர்ப்பெயருக்காக 1953இல் தண்டவாளத்தில் படுத்த மனுஷன் அவர். அந்த ஆள் எங்கள் கடலுக்கு ஒரு தீர்மானத்தோடு நின்றுவிட்டாரே என்ற ஆதங்கம் அப்பாவுக்குக் கடைசிவரை போகவில்லை. எனக்கும்தான்.

ஆனால் தம்பி, உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. 1974 ஒப்பந்தத்தில் நம் மீனவர்கள் விசா கிசா இல்லாமல் அங்கே போய்வரலாம் என்று எழுதியிருந்தது. இரண்டு நாட்டுப் படகுகளும் வழக்கம்போல மற்றவர் கடலுக்குள் போகலாம் என்றும் இருந்தது. அந்தக் கடலில் மீன் பிடிக்கும் உரிமை பறிபோனது 1976 மார்ச்சில், இரண்டு அரசாங்கமும் மாற்றிக்கொண்ட கடிதத்தில். அப்போது எமர்ஜென்சி, கலைஞர் ஆட்சியை ஜனவரி 31ஆம் தேதியே கலைத்துவிட்டார்கள். மகன் ஸ்டாலின் மிசாவில் சிறையில். இவர் எங்கே போய்ச் சத்தம் போடுவது? எங்கள் வயிற்றில் அடித்தது அந்தக் கடிதம்தான், ஆனால் மேடையில் யாரும் 1976 என்று சொல்வதே இல்லை, 1974 என்றால்தான் ஒரு ஆளைக் கைகாட்ட வசதி.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். இது அம்மாவின் கதை.

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவரைப் பயமுறுத்த, "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்பார்களே, அந்தக் காடு எங்கள் ஜில்லாதான். சிரித்துக்கொண்டே சொல்வார்கள், நாங்களும் சிரித்துக்கொண்டே கேட்போம். சின்ன வயதில் அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மணல்மேட்டு ஊற்றுக்குப் போவாள். முழங்கை ஆழத்துக்குத் தோண்டி உட்கார்ந்தால் அடியில் கண்ணீர் மாதிரி கசியும். அதைச் சிரட்டையால் கலக்காமல் வழித்து, துணி கட்டிய குடத்தில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் வேகமாக வழித்தால் மணல் வரும், இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம். பின்னால் வரிசையில் இன்னும் பத்துப் பேர். அம்மாவின் வலது கைக் கட்டைவிரல் நகம் கடைசிவரை ஒழுங்காக வளரவே இல்லை. அப்புறம் நாலு குடம் வைக்கும் இரும்புத் தள்ளுவண்டி வந்தது, லாரித் தண்ணீர் வந்தது, குடத்துக்கு இவ்வளவு என்று காசும் வந்தது.

2006இல் கலைஞர் ஐந்தாவது முறை முதல்வரானதும் ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கையில் எடுத்தார்கள். 616 கோடி ரூபாய். திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை வழியாகக் குழாய் போட்டு இங்கே கொண்டுவருவது. ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. தஞ்சாவூருக்கே காவிரி ஒழுங்காக வராதபோது மண்டபத்துக்கு வருமாம் என்று கிண்டல். முதல் நாள் தெருக்குழாயில் தண்ணீர் வந்தபோது அம்மா இரண்டு கையிலும் ஏந்திக் குடித்துவிட்டு, "இனிக்குதுடா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சர்க்கரை போட்ட இனிப்பு இல்லை அது, உப்பே தெரியாத தண்ணீர் எங்கள் நாக்குக்கு அப்படி இருக்கும், வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இப்போது அந்தத் தண்ணீர் தினமும் வருகிறதா என்றால் இல்லை. நாலு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் நடுராத்திரி. அது வேறு பஞ்சாயத்து.

அதே ஆட்சியில் ரேஷன் அரிசி கிலோ இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய். அப்போது மீன்பிடித் தடைக்காலம் நாற்பத்தைந்து நாள், படகு கரையில் கிடந்தபோது அந்த அரிசியின் அருமை தெரிந்தது. 14 இஞ்ச் கலர் டிவியும் கொடுத்தார்கள். அப்பா அதை வீட்டுக்குள் ஏற்றவே மாட்டேன் என்று இரண்டு நாள் மல்லுக்கட்டினார், மூன்றாம் நாள் கிரிக்கெட் மேட்ச். அதற்குப் பிறகு அதற்கு "அவரு டிவி" என்று பெயர். "அவரு டிவியைப் போடு, செய்தி பாப்போம்" என்பார். சொந்த டிவி வாங்கும்வரை அப்படித்தான்.

மற்றதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திருக்குவளையில் பிறப்பு, பதின்வயதிலேயே இந்தி எதிர்ப்பு, சினிமா வசனம், முரசொலி, அண்ணா போன பிறகு 1969இல் முதல்வர். கை ரிக்‌ஷாவை ஒழித்தது, 1989இல் பெண்களுக்குச் சொத்தில் சம பங்கு, உழவர் சந்தை, சமத்துவபுரம். இதில் சொத்துச் சட்டம் ஒன்றுக்காகவே எங்கள் சின்ன அத்தை அவருக்குத்தான் ஓட்டுப் போடும். இன்னொரு பக்கம் ஊழல் புகாரை விசாரித்த சர்க்காரியா கமிஷன், குடும்பம் முழுக்க பதவி, அதையெல்லாம் நான் மூடி மறைக்கப் போவதில்லை. எனக்கு ஆச்சரியம் வேறு இடத்தில். எம்ஜிஆர் இருந்தவரை ஆட்சிக்கு வர முடியாமல் பதின்மூன்று வருஷம் வெளியே நின்றார், கட்சி கரையவில்லை. 1991இல் துறைமுகம் தொகுதியில் 890 ஓட்டில் தப்பித்தார், கட்சியே இரண்டு சீட்டுக்குச் சுருங்கிப்போனது. அடுத்த தேர்தலில் முதல்வர். காற்றும் நீர்வாட்டமும் எதிராக இருக்கும்போது நங்கூரம் போட்டுக் காத்திருக்கத் தெரிய வேண்டும் என்று பழைய சம்மாட்டிகள், அதாவது படகு முதலாளிகள், சொல்வார்கள், அது அவருக்குத் தெரிந்திருந்தது.

சேது சமுத்திரத்தில்தான் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. கப்பல் போக எங்கள் கடலைத் தோண்டும் திட்டம் அது, 2005இல் மதுரையில் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தது, அண்ணாவின் கனவு என்று கலைஞர் விடாப்பிடியாக நின்றார். 2007இல், பாலம் கட்ட ராமர் எந்த இன்ஜினீயரிங் காலேஜில் படித்தார் என்று அவர் கேட்டதும் நாடே அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டது. அந்தச் சத்தத்தில் எங்கள் கேள்வி யார் காதிலும் விழவில்லை. தோண்டிய சேற்றை எங்கே கொட்டுவீர்கள், கப்பல் போகிற வாய்க்காலில் நாங்கள் எப்படி வலை விடுவது? ராமருக்கும் ஆள் இருந்தது, பகுத்தறிவுக்கும் ஆள் இருந்தது, மீனுக்குத்தான் ஆள் இல்லை. அப்புறம் 2012இல் கலாமின் பெயரை வைத்துக் கலகம் என்று ஒரு சிலேடை சொன்னாரே, அது எதற்கு? எங்கள் தீவுக்காரரைப் பற்றி. வாய் சும்மா இருந்திருக்கலாம். அந்த வாய்தான் அவரை உயர்த்தியதும், சரி.

என் வகுப்பில் பாதிப் பேர் மண்டபம் கேம்ப்பில், இலங்கை அகதிகள் முகாமில், இருந்து வந்தவர்கள். அவர்களுக்குக் கலைஞர் மேல் ஒரு காலத்தில் அத்தனை பிரியம். 1983இல் ஈழத்துக்காக எம்எல்ஏ பதவியை விட்டவர், 1990இல் அமைதிப்படை திரும்பி வந்தபோது வரவேற்கப் போக மாட்டேன் என்றவர், 1991இல் அதனாலேயே ஆட்சியையும் இழந்தவர். 2009 ஏப்ரல் 27ஆம் தேதி காலையில் மெரினாவில் இலங்கையில் போரை நிறுத்தச் சொல்லி உண்ணாவிரதம் உட்கார்ந்து மதியத்துக்குள் எழுந்தபோது கேம்ப்பில் இருந்த என் நண்பன் ஒருவன் டிவியை அணைத்துவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். அடுத்த மாதம் எல்லாம் முடிந்தது. அவன் இன்றுவரை கலைஞர் பெயரைச் சொல்லமாட்டான், திட்டவும் மாட்டான். எனக்கு அதைப் பற்றி அவனிடம் பேசத் தைரியம் வந்ததில்லை.

2018 ஆகஸ்ட் 7 சாயங்காலம் செய்தி வந்தது. புது டிவி வாங்கி நாளாகியும் அப்பா அன்றைக்கு என்னமோ உள்ளறையில் கிடந்த அந்தப் பழைய டிவியைத்தான் போடச் சொன்னார். படம் பாதி பச்சையாகத் தெரிந்தது. மெரினாவில் இடம் கிடையாது என்றார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், அப்பா தூங்கவே இல்லை. "அண்ணா பக்கத்துல இடம் குடுத்தா என்ன குறைஞ்சு போகுது" என்று யாரையோ அதட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "தீவைக் குடுத்துட்டுப் போயிட்டாரே" என்றார்.

வாசலில் இருந்து அம்மா, "போதும், எந்திரிச்சு வாங்க, பைப்புல காத்து வருது" என்றாள். காற்று வந்தால் கால் மணி நேரத்தில் தண்ணீர் வரும். அப்பா டிவியை அணைக்காமலே எழுந்து போய்க் குடங்களை வரிசையாக எடுத்துவைத்தார்.