முடிவெடுக்கக்கூடிய ஒரு மனிதரிடம் பேச வேண்டும்

வங்கியோ, செல்போன் நிறுவனமோ, காப்பீடோ, நம்மிடம் பணம் வாங்குகிற வேலை நொடியில் முடிகிறது. ஏதோ கோளாறு என்று கேட்கப் போனால்தான் ஆள் கிடைப்பதில்லை. ஆப்பில் சாட்பாட். போன் செய்தால் எண்களை அழுத்தச் சொல்லும் குரல். கிளைக்குப் போனால் "கஸ்டமர் கேர்ல பேசுங்க" என்கிறார்கள், கஸ்டமர் கேரில் "உங்க கிளைக்குப் போங்க" என்கிறார்கள். இதைத் தொழில்நுட்பத்தின் குறை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நமக்குப் பதில் சொல்ல வேண்டிய மனிதரை நம் கண்ணில் படாமல் ஒதுக்கி வைக்கத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகிறார்கள். என் கோபம் அதன் மேல்தான்.

புதிய வசதிகளோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது. 2016-ல் யுபிஐ வந்த பிறகு சில்லறைக்காகக் கடைக்காரரோடு மல்லுக்கட்டுவது குறைந்திருக்கிறது. மின்கட்டணம் கட்ட வரிசையில் நிற்பதில்லை. வில்லங்கச் சான்றிதழை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற பெண்களுக்கு இதில் மிச்சமாகும் நேரம் பெரிது. ஆனால் இதெல்லாம் ஒழுங்காக நடக்கிற வரைக்கும்தான். ஒரு இடத்தில் தட்டி நின்றுவிட்டால் அப்புறம் நம் பேச்சைக் கேட்க யாரும் இல்லை.

என் அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிஎஃப் வழியாக மாதாமாதம் ஒரு சின்னத் தொகை பென்ஷனாக வருகிறது. அந்தத் திட்டத்தில் 2014-ல் குறைந்தபட்ச ஓய்வூதியம் என்று வைத்ததே 1,000 ரூபாய்தான். மில் தொழிலாளிகளின் பென்ஷன் எந்த அளவில் இருக்கும் என்று அதிலிருந்தே தெரியும். சில மாதங்களுக்கு முன் அப்பாவின் கணக்கை வங்கி முடக்கிவிட்டது. கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பிக்கவில்லை என்று காரணம். பணம் கணக்கில் வந்து விழுகிறது, எடுக்க முடியவில்லை. சர்க்கரை மாத்திரைக்கு அவர் என்னிடம் கேட்க வேண்டி வந்தது. வாழ்நாளில் யாரிடமும் கை நீட்டாதவர். மகளிடம் கேட்பதற்கே அவ்வளவு தயங்கினார்.

குறுஞ்செய்தி அனுப்பினோம் என்றது வங்கி. அனுப்பியிருக்கலாம். அப்பா அதை அழித்திருப்பார், அவர் அழித்ததும் சரிதான். 'கேஒய்சி அப்டேட் செய்யாவிட்டால் கணக்கு முடங்கும்' என்று வருகிற செய்திகளை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது, போலீஸ் சொல்கிறது, வீட்டில் பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். நிஜமான வங்கியும் ஏமாற்றுக்காரனும் ஒரே ஆங்கிலத்தில் ஒரே மிரட்டலோடு எழுதினால், எழுபத்தைந்து வயதில் ஒருவர் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்? வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையும், விளம்பர அழைப்புகளுக்கு 140 வரிசையையும் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. எங்கள் தெருவில் அதைத் தெரிந்த ஒரு முதியவரைக்கூட நான் பார்க்கவில்லை. கடன் வாங்கச் சொல்லி நாளெல்லாம் கூப்பிடத் தெரிந்த வங்கிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க மட்டும் நேரமில்லை.

விதி என்னவோ அப்பா பக்கம்தான் இருந்தது. விவரங்களில் எந்த மாற்றமும் இல்லை என்றால் ஒரு சுய உறுதிமொழி போதும், அதற்காகக் கிளைக்கு வர வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி தெளிவாக்கிவிட்டது. 2025 ஜூனில் இன்னொரு திருத்தம் வந்தது. கேஒய்சி கெடு முடிவதற்குள் குறைந்தது மூன்று முறை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாகப் போக வேண்டும், கெடு முடிந்த பிறகும் அதேபோல் மூன்று நினைவூட்டல்கள். குறுஞ்செய்தியை மட்டும் நம்பினால் பலருக்கு விஷயம் போய்ச் சேராது என்று அங்கே யாரோ புரிந்துகொண்டுதான் இதை எழுதியிருக்கிறார்கள். அப்பாவுக்குக் கடிதம் எதுவும் வரவில்லை.

கிளையில் விரல்ரேகை வைக்கச் சொன்னார்கள். ஆயுள் முழுக்க நூலோடு உரசித் தேய்ந்த விரல்கள், ரேகை விழவில்லை. 2020-ல் ரேஷன் கடைகளுக்கு விரல்ரேகைக் கருவி வந்தபோது முதியவர்கள் பட்ட பாடும் இதேதான். ஆனால் ரேஷனில் பிறகு கருவிழிப் பதிவைக் கொண்டுவந்தார்கள், 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஆரம்பித்தார்கள். வங்கி என்ன செய்தது? வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னது. கண்ணைச் சிமிட்டச் சொல்லும், தலையைத் திருப்பச் சொல்லும், வெளிச்சம் போதவில்லை என்று திரும்பவும் முதலில் இருந்து தொடங்கும். அப்பாவுக்கு அப்போதுதான் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது.

இந்தக் கண் சிமிட்டும் விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. ஆசிட் வீச்சில் முகமும் கண்களும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு பெண் வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது, உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அடையாளமாகக் கண் சிமிட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் வழக்குப் போட்டார். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கேஒய்சி முறையை எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்ற 20 உத்தரவுகளும் பிறப்பித்தது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு வங்கிக் கிளையில் எவராவது ஒருவர் 'இதை நான் கையால் செய்து தருகிறேன்' என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்க வேண்டியதில்லை. சொல்ல முடியாத இடத்தில் அந்த ஊழியரை வைத்தது யார்?

கஸ்டமர் கேரில் போனை எடுத்த பிள்ளைகள் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வேலையில் ஏஹெச்டி என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு அழைப்பைச் சராசரியாக எத்தனை நிமிடத்தில் முடிக்கிறார்கள் என்று அளப்பார்கள். நேரம் கூடினால் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்க வேண்டும். திரையில் இருப்பதைத் தவிர வேறு எதையும் சொல்லவோ செய்யவோ அவர்களுக்கு அனுமதி இல்லை. "உங்க சிரமத்துக்கு வருந்துறோம் சார்" என்று ஒரு பெண் சொன்னபோது அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது, குரலிலேயே தெரிந்தது. கணக்கைத் திறக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. யாரிடம் இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

எனக்குத் தாங்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. புகார் எண் கொடுத்தார்கள். மறுநாளே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள்' என்று செய்தி. கணக்கு முடங்கியேதான் இருக்கிறது. திரும்ப அழைத்தால் புதிய ஆள், புதிய எண், பழைய கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதுவும் தீர்க்கப்பட்டது என்று மூடப்படும். டிக்கெட் குளோஸ் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். நிறுவனத்தின் ஆவணத்தில் இத்தனை புகார் வந்தது, இத்தனையும் கெடுவுக்குள் முடிந்தது என்று அழகாக இருக்கும். மேலிடத்துக்கும் அந்த எண்ணிக்கைதான் போகும். முடியாததை முடிந்தது என்று எழுதுவது பொய். ஒரு குமாஸ்தா பேரேட்டில் அப்படி எழுதினால் வேலை போகும், கணினி எழுதினால் அதற்குச் சேவைத்தரம் என்று பெயர் வைக்கிறார்கள்.

செல்போன் நிறுவனங்களுக்கும் இப்படித்தான் ஒரு அளவுகோல். வாடிக்கையாளர் சேவை அழைப்புகளில் 95 சதவீதத்தை ஊழியர் 90 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்கிறது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். கேட்க நன்றாக இருக்கிறது. ஊழியரிடம் பேசும் வாய்ப்பு எத்தனையாவது பட்டியலின் எந்த எண்ணுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

எக்ஸ் தளத்தில் நிறுவனத்தைக் குறிப்பிட்டு எழுது, உடனே பதில் வரும் என்று நண்பர்கள் சொன்னார்கள். வரும் என்பது எனக்கும் தெரியும். பின்தொடர்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பவர் திட்டினால் சில நிமிடங்களில் 'உங்கள் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்' என்று ஓடி வருகிறார்கள். அப்படியென்றால் உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அதிகாரமும் இருக்கிறது. சத்தம் போடத் தெரிந்தவர்களுக்கென்று அவர்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பட்டன் போன் வைத்திருக்கும் என் அப்பா எங்கே போய்ச் சத்தம் போடுவார்? முன்பு நாளிதழ்களில் வாசகர் புகார் வரும், அதிகாரிகள் அதற்குப் பதில் சொல்வார்கள், சில நேரம் தெருவிளக்காவது எரியும். இன்றைய செய்தித் தொலைக்காட்சிகள் இரவு முழுவதும் விவாதம் நடத்துகின்றன. ஓய்வூதியக் கணக்குகள் முடங்கிக் கிடப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. இடைவேளையில் வருகிற விளம்பரங்கள் பெரும்பாலும் இதே நிறுவனங்களுடையவை என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடைசியில் அப்பாவின் கணக்கைத் திறந்தது ஒரு மனுஷிதான். கிளைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த உதவி மேலாளர். அப்பாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு தாளில் சுய உறுதிமொழியை எழுதி வாங்கிக்கொண்டார். அன்று சாயந்திரமே பணம் எடுக்க முடிந்தது. அவர் எந்தச் சலுகையும் காட்டவில்லை, விதியில் இருந்ததைச் செய்தார். இதைச் செய்யலாம் என்று தெரிந்த, செய்யும் பொறுப்பில் இருந்த ஒருவரிடம் போய்ச் சேர எங்களுக்கு அவ்வளவு நாள் ஆனது.

இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். அதைப் பார்த்த நாடுகளின் கதையும் இருக்கிறது. 2022-ல் பாட்டி இறந்து பயணம் செய்ய வேண்டியிருந்த ஒருவருக்கு, துக்கப் பயணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் விண்ணப்பித்துப் பெறலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் சொன்னது. பிறகு நிறுவனம் தர மறுத்தது. வழக்கில் அந்தச் சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற அளவுக்கு நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை நிராகரித்து, நிறுவனத்தை இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதே மாதம் சுவீடனின் கிளார்னா நிறுவனம், தன் ஏஐ உதவியாளர் 700 ஊழியர்களின் வேலையைச் செய்கிறது என்று பெருமையாக அறிவித்தது. 2025-ல் அதன் தலைவரே சேவையின் தரம் குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு, வாடிக்கையாளர்களிடம் பேச மனிதர்களைத் திரும்ப எடுக்கத் தொடங்கினார்.

ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு, ஒருவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவைக் கணினி மட்டுமே எடுப்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. ஒரு மனிதர் தலையிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்க வழி இருக்கிறது. நம்முடைய 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு உரிமை இல்லை. அதைச் சேர்க்க வேண்டும். கணக்கை முடக்குவது, காப்பீட்டை மறுப்பது, இணைப்பைத் துண்டிப்பது போன்ற முடிவுகளுக்காவது, முடிவை மாற்றும் அதிகாரமுள்ள ஒரு மனிதரின் பதவியும் எண்ணும் அந்த அறிவிப்பிலேயே தமிழில் இருக்க வேண்டும். புகார் தீர்ந்ததா என்பதைப் புகார் கொடுத்தவர் சொல்ல வேண்டும், கணினி சொல்லக் கூடாது. இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை, ஒரு உத்தரவு போதும்.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால் ஐந்து நாட்களுக்குள் அது திரும்ப வர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாயை நாம் கேட்காமலே தர வேண்டும் என்பது 2019 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. வங்கிக்குப் புகாரை எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாட்களில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தியாக இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், இணையம் இல்லாதவர்கள் தபாலிலும் அனுப்பலாம், விவரம் கேட்க 14448. மற்ற நிறுவனங்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் திருடுபோனால் உடனே 1930.

அப்பாவுக்காகத் தமிழில் எழுதிய புகார்க் கடிதமும் சுய உறுதிமொழியும் என்னிடம் இருக்கின்றன. வீட்டில் யாருக்காவது கணக்கு முடங்கியிருந்தால் கேளுங்கள், அனுப்புகிறேன். பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும்.