அடுத்த வாரமும் வர முடியுமென்றால் மட்டும் போங்கள்

ஜூலை 18 நெருங்குகிறது. டர்பனில் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம், குழந்தைகள் வார்டுக்கு எத்தனை கப்கேக் வேண்டும், டீ-ஷர்ட்டில் சங்கத்தின் பெயரை முன்பக்கம் போடுவதா பின்பக்கம் போடுவதா. தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: அன்று மண்டேலாவின் பிறந்தநாள். அவர் பொதுவாழ்வில் இருந்த 67 ஆண்டுகளை நினைத்து, ஆளுக்கு 67 நிமிடம் பிறருக்காகச் செலவழிப்பது இங்கே வழக்கம். ஐ.நா. சபை 2009-ல் அந்த நாளை அறிவித்தது. நல்ல வழக்கம்தான். பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்க, கடற்கரையில் குப்பை பொறுக்க 67 நிமிடம் தாராளம். மறுநாள் நாம் வரவில்லையே என்று சுவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காது. வார்டில் படுத்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை பார்க்கும்.

என் அக்கா மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். டாக்டருக்கு இல்லை, சிவில் இன்ஜினியரிங். சனிக்கிழமை காலைகளில் கூடப் படிக்கிற சிலரோடு சேர்ந்து ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குப் போய்விட்டு வருவாள். அங்கே என்னடி செய்வீங்க என்று கேட்டால், "ஒண்ணும் செய்யமாட்டோம் சித்தி, சும்மா கூட உட்கார்ந்திருப்போம்" என்பாள். அந்தச் சும்மா உட்கார்வது லேசுப்பட்ட வேலை இல்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில், அந்தப் பிள்ளைகள் ஏன் தனியாக இருக்கிறார்கள்? நம் ஆட்களில் சிலர் சட்டென்று கேட்டுவிடுகிறார்கள், "பெத்த தாய் எங்கே போனா?" என்று. எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் 2002-ல் திறந்த இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். நேராகப் போய் வாசலில் நின்றால் சேர்க்கமாட்டார்கள், வேறொரு மருத்துவமனை எழுதி அனுப்ப வேண்டும். குவாசுலு-நட்டால் மாகாணம் முழுக்க இருந்தும், கிழக்கு கேப் பக்கமிருந்தும் பெரிய சிகிச்சைக்கு அங்கே அனுப்புகிறார்கள். மாகாணத்தின் வடக்கே நொங்கோமாவில் ஒரு தாய் இருக்கிறாள் என்றால் அவளுக்கும் பிள்ளைக்கும் நடுவே சுமார் 300 கிலோமீட்டர். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கும், அல்லது ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி போய்விடும் வேலை இருக்கும். பிள்ளையை வளர்ப்பதே பாட்டியாக இருந்தால் அந்தப் பாட்டி முழங்கால் வலியோடு டாக்ஸி மாறி மாறி (இங்கே டாக்ஸி என்றால் பதினைந்து பேரை அடைக்கிற வேன்) எப்படி வருவாள்? கைக்குழந்தையோடு தாய் தங்க இடம் தரும் மருத்துவமனைகள் இருக்கின்றன. தங்கிவிட்டால் ஊரில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது?

தீக்காயமோ காசநோயோ புற்றுநோயோ வந்த பிள்ளை இரண்டு நாளில் வீடு திரும்பாது. குளிர்காலத்தில் குளிக்கக் காய்ச்சிய வாளித் தண்ணீர், பாரஃபின் (மண்ணெண்ணெய்) அடுப்பு, இழுத்தால் மேலே கவிழும் கெட்டில் வயர் என்று இங்கே தீக்காய வார்டுக்கு வருகிற வழிகள் நிறைய. பிறகு வாரக்கணக்கில் கட்டுப் பிரிப்பதும் கட்டுப் போடுவதும்.

கொஞ்சம் பழைய கதை ஒன்று. 1950-களில் இங்கிலாந்தில் பெற்றோர் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பிள்ளையோடு இருக்கக் கூடாது, அவர்கள் வந்துபோனால் பிள்ளை அழுது வார்டைக் கலைக்கிறது என்பது பல மருத்துவமனைகளின் கணக்கு. லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர், சின்ன அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்றைப் படம் பிடித்து 1952-ல் காட்டினார். தாயைப் பிரிந்த பிள்ளை முதலில் கத்தி அழும், பிறகு சோர்ந்து ஒடுங்கும், அதன்பிறகு தாயே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று அவர் சொன்னார். அந்த ஒடுக்கத்தைத்தான் அதுவரை எல்லோரும் "பழகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாக்டர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனாலும் 1959-ல் பிளாட் என்பவர் தலைமையில் அரசு அமைத்த குழுவே, பெற்றோர் எப்போதும் வந்து பார்க்க விடுங்கள் என்று எழுதியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் சங்கத்து ஆட்கள் வார்டுக்குப் போய்விட்டு வந்து "பிள்ளைங்க எவ்வளவு சமத்தா இருந்தாங்க தெரியுமா" என்று சிலாகிப்பதைக் கேட்டிருக்கிறேன். ஒரு பிள்ளை புது ஆளைக் கண்டதும் ஓடிவந்து மடியில் ஏறுகிறது என்றால் அதையும் அன்பு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். யார் வந்தாலும் ஏறுகிற நிலைக்கு அது வந்துவிட்டது என்றும் இருக்கலாம்.

ஆய்வாளர்களும் இதை எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டு லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010-ல், எய்ட்ஸால் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் இல்லங்களுக்குக் கொஞ்ச நாள் வந்துபோகும் தன்னார்வலர்களைப் பற்றி எழுதினார்கள். ஒட்டிக்கொள்வதும் பிரிவதுமாகவே போனால் அது சின்னப் பிள்ளைக்குக் கெடுதல் என்பது அவர்கள் வாதம். அது இல்லங்களைப் பற்றியது, வார்டைப் பற்றியது இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாதக்கணக்கில் வார்டில் கிடக்கிற பிள்ளைக்கு எவ்வளவு வித்தியாசம் இருந்துவிடும்?

அதற்காக மாணவர்கள் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போக வேண்டும், முறையாகப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் பிள்ளையால் எதையுமே மறுக்க முடியாது என்பதை யோசித்துப் பாருங்கள். ஊசி வேண்டாம் என்றால் கேட்பார்களா? மருந்து, குளியல், வாயில் வைக்க முடியாத கஞ்சி, எதற்காவது வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா? சனிக்கிழமை வருகிற அக்காவிடம் மட்டும்தான் "போ, இன்னிக்கு உன்கூட விளையாடமாட்டேன்" என்று சொல்லலாம். அவள் சரி என்று நகர்ந்து, அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வந்து நிற்பாள். ஊசி போடாத, கட்டுப் பிரிக்காத ஒரு பெரியவர். மருத்துவ மாணவர்கள் போனால் அந்த வெள்ளைக் கோட்டையும் கழுத்தில் தொங்குவதையும் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள், தயவுசெய்து. வலிக்கிற சிகிச்சை நடக்கும்போது பிள்ளையின் கையைப் பிடித்து அமுக்கும் வேலைக்குச் சிஸ்டர் கூப்பிட்டாலும் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

அப்புறம் மொழி. வார்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் பேசுவது ஜூலு. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் ஜூலு வரும்? 1860-ல் கப்பலில் வந்து இறங்கிய நம் ஜனங்கள் கரும்புத் தோட்டத்திலும் வேலை செய்யும் இடத்திலும் எப்படியோ பேசிப் பழகினார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளியில் மார்க்குக்குப் படித்துவிட்டு "சாவுபோனா" (வணக்கம்) என்பதோடு நின்றுவிடுகிறார்கள். வலிக்கிறதா, தூக்கம் வருகிறதா, அம்மா எப்போது வருவதாகச் சொன்னாள், இதைக்கூடக் கேட்கத் தெரியாமல் வார்டில் என்ன துணை? என் அக்கா மகள் வார்டில் கற்ற ஜூலுவே அதிகம். பிள்ளைகள் அவளை "சிசி" (அக்கா) என்று கூப்பிட்டு உச்சரிப்பைத் திருத்துகிறார்கள், அதில் அவர்களுக்கு ஒரே சந்தோஷம். நம் அஞ்சாங்கல்லைப் போலவே இங்கே டிகேட்டோ என்று ஒரு கல் விளையாட்டு உண்டு. அதுவும் கைகொடுத்திருக்கிறது. கல்லுக்குப் பதில் கழுவித் துடைக்க முடிகிற பெரிய பிளாஸ்டிக் மூடிகள், அதுவும் சிஸ்டரிடம் கேட்டுவிட்டு, வாயில் போடுகிற வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது.

விதிமுறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் விவாதமே இல்லை. 2005-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி, பிள்ளைகளோடு இருக்கத் தகுதியற்றவர்கள் என்று தீர்மானிக்கப்பட்டவர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்று இருக்கிறது. நம் பெயர் அதில் இல்லை என்று சரிபார்க்கக் கேட்டால் "எங்களைச் சந்தேகப்படுறாங்களா" என்று முகம் சுளிக்காதீர்கள். சளி, இருமல் என்றால் வீட்டிலேயே இருங்கள். புற்றுநோய் மருந்து ஏறுகிற பிள்ளைக்கு உங்கள் ஜலதோஷமே ஆபத்து. போட்டோ வேண்டவே வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒருபக்கம் இருக்கட்டும், தலைமுடி கொட்டிய நம் பிள்ளையை யாரோ முகநூலில் போட்டால் நாம் சும்மா இருப்போமா?

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மெடிக்கல் சீட்டு விண்ணப்பத்தில் எழுதுவதற்காகவோ, பள்ளி கேட்கிற சமூகச் சேவை மணிக்கணக்கை நிரப்புவதற்காகவோ பிள்ளையை வார்டுக்கு அனுப்பாதீர்கள். மணிக்கணக்கு வேண்டுமென்றால் நூலகத்தில் புத்தகம் அடுக்கட்டும், அதுவும் சேவைதான். வார்டுக்குப் போகிற பிள்ளைக்கு ஜூனிலும் நவம்பரிலும் பரீட்சை வரும், டிசம்பரில் ஊருக்குப் போகும். பரவாயில்லை. இத்தனை வாரம் வரமாட்டேன், எனக்குப் பதில் இந்த அண்ணன் வருவான் என்று முன்கூட்டியே சொல்லி, அந்த அண்ணனைக் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவிட்டுப் போனால் போதும்.

தாய் கூடவே தங்கியிருக்கும் கட்டிலை மாணவர்கள் தாண்டிப் போய்விடுவதும் நடக்கிறது, அங்கேதான் ஆள் இருக்கிறதே என்று. இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணசந்தவளுக்கு நிம்மதியாகக் குளிக்க, ஒரு டீ குடிக்க, ஊரில் இருக்கும் பிள்ளையோடு போனில் பேச அரைமணி நேரம் கிடைத்தால் அது எவ்வளவு பெரிய உதவி!

அதனால் இந்த வருடம் கப்கேக்குக்கும் டீ-ஷர்ட்டுக்கும் ஒதுக்கிய பணத்தை வார்டின் சமூகப் பணியாளரிடம் பேசி, தூரத்துத் தாய்மாரும் பாட்டிமாரும் வந்துபோகும் டாக்ஸிக் காசாக மாற்றலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் சொல்லப் போகிறேன். டீ-ஷர்ட் தரப்பு பலமானது, ஆர்டர் கொடுத்தாகிவிட்டது என்றுகூடச் சொல்வார்கள். என் பக்கம் கை தூக்க டர்பன் ஆட்கள் யாராவது இருந்தால் நேரத்துக்கு வந்துவிடுங்கள்.