தகராறு உள்ள பாக்கிக்குத் திவால் மனு எடுபடாது

"நோட்டீஸ் விட்டு 21 நாள் பொறுத்தால் போதும், பில் பணம் தராத கம்பெனியை இழுத்து மூடிவிடலாம், அவர்கள் மறுத்தாலும் எடுபடாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நம்பி இறங்கினால் வக்கீல் செலவுதான் மிச்சம்.

21 நாள் என்பது 1956 கம்பெனிச் சட்டக் காலத்துக் கணக்கு. இப்போது சரக்கோ சேவையோ கொடுத்துப் பணம் வராதவருக்கு 2016 திவால் சட்டத்தின் 8, 9 பிரிவுகள். கெடு 10 நாள். பாக்கி குறைந்தது 1 கோடி ரூபாய்; 2020 மார்ச் வரை 1 லட்சமாக இருந்தது.

மறுப்பு எடுபடாது என்பதுதான் பெரிய தவறு. நோட்டீஸ் வருமுன்பே தகராறு இருந்தால் மனு தள்ளுபடி என்று மோபிலாக்ஸ் வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. யார் பக்கம் நியாயம் என்று, திவால் மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயம் (NCLT) அலசாது. தகராறு நிஜமா, ஜோடித்ததா என்று மட்டும் பார்க்கும். "வந்த சரக்கில் பாதி உடைசல், பில்லைத் திருத்தி அனுப்புங்கள்" என்று முந்தைய தேதியில் ஒரு மின்னஞ்சல் இருந்தாலே உங்கள் மனு ஆட்டம் காணும். நோட்டீஸைப் பார்த்த பிறகுதான் முதல்முறையாகத் தரம் சரியில்லை என்று கிளம்பினால், அது வேறு கதை.

வங்கி மாதிரி நிதிக் கடன் கொடுத்தவர்களுக்கு 7-ஆம் பிரிவு. அங்கே இந்தத் தகராறு விதி கிடையாது. அப்படி எழுதியவர் அதோடு குழப்பிக்கொண்டாரோ என்னவோ.

மனு ஏற்கப்பட்டாலும் கம்பெனி உடனே மூடப்படாது. நிர்வாகம், தீர்ப்பாயம் நியமிக்கும் தீர்வு நிபுணர் கைக்குப் போகும். கலைப்பு வரை போனால், பணம் பிரிக்கும் வரிசையில் சரக்கு கொடுத்தவர் வங்கிகளுக்குப் பின்னால்தான் நிற்பார். தகராறு உள்ள பாக்கிக்கு உரிமையியல் வழக்கு, ஒப்பந்தத்தில் இருந்தால் நடுவர் மன்றம். 3 ஆண்டுக் காலவரம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.