கையெழுத்தோடு நிறுத்த வேண்டாம்
நிறுத்தப்பட்ட சூப்பர்ஹீரோ தொடரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ரசிகர்கள் கையெழுத்து திரட்டுவது வீண் என்கிறது ஒரு கட்டுரை. அப்படி அடித்துச் சொல்லிவிட முடியாது. 'டேர்டெவில்' தொடரை நெட்ஃபிளிக்ஸ் 2018 நவம்பரில், மூன்றாவது சீசன் வந்து ஆறு வாரம்கூட ஆகாதபோது நிறுத்தியது. ரசிகர்கள் விடவில்லை. 2025 மார்ச்சில் அதே நாயகன் சார்லி காக்ஸோடு டிஸ்னி பிளஸில் திரும்பி வந்தது. சரி, பாத்திரத்தின் உரிமை டிஸ்னியின் மார்வெல் நிறுவனத்திடம் இருந்ததுதான் அங்கே பெரிய பலம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'யங் ஜஸ்டிஸ்' என்ற சூப்பர்ஹீரோ அனிமேஷன் தொடர்? 2013இல் நின்றது, பொம்மை விற்பனை சரியாகப் போகாததும் ஒரு காரணம். ரசிகர்கள் நெட்ஃபிளிக்ஸில் பழைய சீசன்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், 2019இல் மூன்றாவது சீசன் வந்தது. கையெழுத்து போட்டவர்கள் அதையும் செய்யலாமே. நான் எத்தனை முறை பார்த்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.