கருங்காலி மாலை போட்டவர் என்னைக் கருங்காலி என்றார்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்காவில் நடந்த கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பொறுத்தேன். ஆனால் அங்கே எடுத்த காணொளி சுற்றிச் சுற்றி என் தங்கை மகன் வரை போய்விட்டது. "பெரியம்மா, இது நீங்களா?" என்று அனுப்பியிருக்கிறான். நாற்பது விநாடிதான். "நம்மிடையேயே ஒரு கருங்காலி உட்கார்ந்திருக்கிறார், அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது" என்கிறார் அந்தக் கூட்டத்தில் பேசிய தோழர். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். நான் சிரிப்பது நன்றாகத் தெரிகிறது. எனக்கு எரிச்சலே அதுதான்.

சிட்னி விஷயம் உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் நிறுவனத்தின் சிட்னி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மேலாளரான நான் இங்கிருந்தே அவர்கள் வேலையைப் பார்த்தேன். நான்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் எழுதினேன். நான் ஒளித்து வைத்து யாரோ கண்டுபிடித்த ரகசியம் இல்லை அது. நானே சொன்னதை எடுத்து என் மேலேயே எறிகிறார்கள்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். கருங்காலி உறுதியான மரம். உலக்கைக்கும் கோடாலிக் காம்புக்கும் அதைத்தான் தேடுவார்கள். காட்டிலேயே வளர்ந்து, காட்டை வெட்டுகிற கோடாலிக்குக் காம்பாகப் போவதால்தான் வேலைநிறுத்தத்தை உடைப்பவனுக்கு இந்தப் பெயர். கோடரிக் காம்பு குலத்துக்கு ஈனம் என்கிறோமே, அதே கணக்கு. அப்படியென்றால் கருங்காலி ஆவதற்கு முதலில் அந்தக் காட்டு மரமாக இருக்க வேண்டும், இல்லையா? சங்கத்தில் இருந்துகொண்டு, கூட்டத்தில் கை தூக்கிவிட்டு, மறுநாள் காலையில் பின்வாசல் வழியாக வேலைக்குப் போகிறவன்தான் கருங்காலி. நான் அந்தக் காட்டிலேயே இல்லை. மேலாளர் தன் வேலையைச் செய்தால் அது கருங்காலித்தனம் இல்லை. இதை இன்னும் நாலு முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

(இதைச் சொன்ன தோழர் கழுத்தில் கருங்காலி மாலை. சிராங்கூன் சாலையில் வாங்கியதாம். கெட்டதை அண்ட விடாதாம். சரி.)

வேலைநிறுத்தம் செய்யலாமா வேண்டாமா என்று சிட்னி ஊழியர்கள் ஓட்டுப் போட்டபோது என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, நான் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. இங்கேயும் 2015-இல் சட்டத்தைத் திருத்தி, தொழிலாளர் சங்கங்கள் நிர்வாகிகளுக்காகவும் பேசலாம் என்றார்கள். ஆனால் ஆள் எடுக்கும், ஆள் நீக்கும் பொறுப்பில் இருப்பவர்களை வெளியே வைக்க அதிலேயே வழி இருக்கிறது. உள்ளே விட மாட்டீர்கள், ஓட்டும் தர மாட்டீர்கள், சம்பளம் உயர்ந்தால் அதில் எனக்குப் பங்கும் கிடையாது. ஆனால் துரோகி பட்டம் மட்டும் எனக்கு உண்டு!

என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு நாள். சிட்னியில் காலை எட்டு என்றால் அப்போது இங்கே ஐந்து. தெம்பனிஸ் வீட்டில் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து, மகள் எழுவதற்குள் அங்கத்திய சரக்கு முன்பதிவுகளைப் பார்த்து முடிப்பேன். அப்புறம் ரயில் பிடித்து அலுவலகம் போய் என் வழக்கமான வேலை. சரக்கு நடுவழியில் நின்றால் வாடிக்கையாளர் என்னைத்தான் கூப்பிடுவார், சங்கத்தைக் கூப்பிட மாட்டார். அதைப் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அது என் வேலைதான்.

"முடியாது என்று சொல்லியிருக்கலாமே" என்று ஒருவர் நேற்று உள்பெட்டியில் எழுதியிருந்தார். சொல்லியிருக்கலாம். வீட்டுக் கடனை அவர் கட்டுவார் என்றால் கட்டாயம் சொல்லியிருப்பேன். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், மகள் பாலிடெக்னிக்கில் முதல் வருடம். ஐம்பத்து நான்கு வயதில் வேலையை விட்டுவிட்டு வந்தால் என்னை எடுத்துக்கொள்ள எத்தனை நிறுவனம் வரிசையில் நிற்கிறது என்றும் அவரே சொல்லட்டும்.

தோழர் அன்று அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் கதையையும் இழுத்தார். 1981 ஆகஸ்டில் ஏறத்தாழ 13,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள், அதிபர் ரீகன் 11,000-க்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டே தூக்கினார், வானத்தில் விமானங்கள் ஓடிக்கொண்டிருந்ததற்கு முக்கியக் காரணம் அவர்கள் நாற்காலியில் போய் உட்கார்ந்த மேற்பார்வையாளர்கள்தான் என்றார். உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் அது விமானம் ஐயா, பறந்துகொண்டிருப்பதை அந்தரத்தில் விட முடியுமா? நான் பார்த்தது அட்டைப்பெட்டி என்பீர்கள். ஆமாம், அட்டைப்பெட்டிதான். எனக்கே இந்தப் பதில் திருப்தியாக இல்லை, மேலே போவோம்.

கனடாவில் கியூபெக் மாநிலம் வேலைநிறுத்தத்தின்போது மாற்று ஆள் வைக்கக் கூடாது என்று 1977-லேயே சட்டம் போட்டது. தொழிலாளி பக்கம் அவ்வளவு உறுதியாக நிற்கும் சட்டமே, மேலாளர்கள் வேலை செய்யலாம் என்று விட்டு வைத்திருக்கிறது. இதை நான் கூட்டத்திலேயே சொன்னேன். காணொளியில் அது மட்டும் இல்லை, எப்படி மறைந்ததோ! நான் சொன்னவுடன் பின்வரிசையில் இருந்த ஒரு பையன் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "அக்கா, அது அந்த இடத்திலேயே வேலை செய்யும் மேலாளருக்குத்தான், அதுவும் பேச்சுவார்த்தை தொடங்குவதற்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும், வேறு ஊரிலிருந்து வருகிறவருக்கு இல்லை" என்றான். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிட்னி கியூபெக்கில் இல்லை. எனக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பொருந்தாத சட்டத்தை நானே ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள்.

இங்கே வேலைநிறுத்தத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 1986-இல் ஹைட்ரில் நிறுவனத்தில் இரண்டு நாள், 61 பேர். அப்போது தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைமைச் செயலாளராக இருந்த ஓங் டெங் சியோங் அனுமதி கொடுத்து நடந்தது. அதற்கப்புறம் 26 வருடம் ஒன்றுமே இல்லை. 2012 நவம்பரில் சீனாவிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர்கள் 171 பேர் வேலைக்குப் போகவில்லை, சிலருக்குச் சிறை, 29 பேரைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வாரம் இந்தத் தோழர் எந்த மேடையில் முழங்கினார்? எனக்கு நினைவில்லை. சிட்னிக்காரர்களுக்காகத் தேக்காவில் முழங்குவது எளிது, குளிர்சாதனமும் உண்டு, வடையும் உண்டு.

என்னிடம் வேலைநிறுத்தம் பற்றிப் பாடம் எடுப்பதற்கு முன்னால் நான் யார் மகள் என்று கேட்டிருக்கலாம். அப்பா தினக்கூலித் துப்புரவுத் தொழிலாளி. 1967 பிப்ரவரியில் 2,400 பேர் துடைப்பத்தைக் கீழே போட்டார்களே, அதில் அவரும் ஒருவர். சட்டவிரோதம் என்று அறிவித்து, நீங்களாகவே வேலையை இழந்துவிட்டீர்கள், வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பியுங்கள் என்றார்கள். அப்பாவும் போய் வரிசையில் நின்றார். அந்த வரிசையைப் பற்றி அவர் பேசவே மாட்டார். அவர்களை மேற்பார்வை பார்த்த மண்டோரைப் பற்றித்தான் பேசுவார்.

வேலைநிறுத்தம் நடந்த அந்த நாட்களில் மண்டோர் தானே வண்டியைத் தள்ளிக் குப்பை அள்ளினாராம். அதற்குப் பிறகும் பத்து வருடம் அப்பா அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தார். "சரி", "ஆச்சு", இரண்டு சொல்தான் பேச்சு. மண்டோர் மகள் கல்யாணத்துக்கு மொய்யை என்னிடம் கொடுத்தனுப்பினார், பந்திக்குப் போகவில்லை. எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். "பாவம்ப்பா, அவர் வேலையத்தானே செஞ்சாரு" என்றேன். "அவன் வேல எழுதுறது. கூட்டுறது என் வேல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்பாவுக்கு வீட்டுக் கடன் இல்லை, அதனால் சுலபமாகப் பேசினார் என்று ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. கடன் கொடுக்க ஆளில்லாமல்தான் அவருக்குக் கடன் இல்லை.

சிட்னியில் அந்த முன்பதிவு மேசையில் இருப்பவள் கிரேக்கக்காரி. நான்கு வருடம் தினமும் காலையில் எனக்கு ஏதாவது எழுதுவாள், மழை பெய்கிறது, மகன் பல் விழுந்தது என்று. வேலைநிறுத்தம் முடிந்து அவள் திரும்பிய அன்று நலம் விசாரித்து நீளமாக ஒரு மடல் அனுப்பினேன். "பெற்றுக்கொண்டேன், நன்றி" என்று பதில் வந்தது. இன்றுவரை அதே இரண்டு சொல்தான். நான் அவளுக்கு என்ன கெடுதல் செய்தேன்? அவள் வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை, அவள் மேசை அவளுக்காக அப்படியே இருந்தது. பதினோரு நாள் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மேலாளர் கருங்காலி இல்லை. நான்கு முறை சொல்கிறேன் என்றேன், எத்தனை ஆயிற்று என்று எண்ணவில்லை.

தோழரே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்தக் காணொளியை இன்றிரவுக்குள் எடுத்துவிடுங்கள். மனம் வரவில்லை என்றால், நான் சிரிக்கிற இடத்தையாவது வெட்டிவிடுங்கள்.