பெயர் போட்டால் மட்டும் போதாது

தம்பி, காசிமேட்டு மீன் விலைச் செயலி நல்ல முயற்சி. ஆனால் "ஓப்பன் சோர்ஸ்தானே, எந்த நிரலையும் எதோடும் சேர்க்கலாம், பெயர் போட்டால் போதும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது தவறு. ஓப்பன் சோர்ஸ் என்றால் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் தன் உரிமத்தில் சொன்ன நிபந்தனைகளோடுதான் வரும். வியாசர்பாடியில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள், அதனால் சொல்லியே ஆக வேண்டும்.

நிபந்தனை குறைந்த எம்ஐடி (MIT) உரிமத்துக்கு நீங்கள் சொன்னது ஓரளவு பொருந்தும். அதிலும் பதிப்புரிமைக் குறிப்போடு உரிம வாசகத்தையும் முழுதாக வைக்க வேண்டும். ஜிபிஎல் (GPL) என்ற உரிமம் அப்படியில்லை, அந்த நிரலைச் சேர்த்து உருவாக்கியதைப் பிறருக்குக் கொடுத்தால் முழுவதையும் ஜிபிஎல்லிலேயே, மூலநிரலோடு தர வேண்டும்.

நீங்கள் சேர்த்திருப்பது "ஜிபிஎல் 2 மட்டும்" என்ற உரிமத்தில் வரும் நூலகமும் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு), அப்பாச்சி 2.0 என்ற இன்னொரு உரிமத்தில் வரும் நூலகமும். இவை இரண்டும் ஒத்துப்போகாது. 2004இல் வந்த அப்பாச்சி 2.0, காப்புரிமை (பேட்டன்ட்) வழக்குப் போடுபவருக்குத் தந்த காப்புரிமை அனுமதியை ரத்து செய்கிறது. 1991இன் ஜிபிஎல் 2 தன்னிடம் இல்லாத கூடுதல் நிபந்தனையை ஏற்காது. 2007இல் வந்த ஜிபிஎல் 3 இதைச் சரிசெய்தது, ஆனால் அது ஒருவழிப் பாதை: அப்பாச்சி நிரல் ஜிபிஎல் 3 திட்டத்துக்குள் வரலாம், ஜிபிஎல் நிரலை அப்பாச்சி உரிமத்துக்கு மாற்றி வெளியிட முடியாது.

சரி, என்ன செய்யலாம்? "மட்டும்" என்பது சரிதானா என்று, அந்த ஜிபிஎல் நூலகக் கோப்புகளின் தலைப்பில் "அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மொத்தத்தையும் ஜிபிஎல் 3இல் வெளியிடலாம். இல்லையென்றால் அந்த நூலகத்தை எழுதியவர்கள் எல்லோரிடமும் அனுமதி கேளுங்கள், அல்லது அந்த ஒரு நூலகத்துக்குப் பதில் வேறொன்றைப் போடுங்கள்.