நம் கடற்கரைக்கும் பொருந்தும்

குழந்தைகளுக்குப் பனிச்சறுக்கு சொல்லித்தருபவர்களுக்கான பாடநூல்களைப் பற்றிய இந்தக் கட்டுரை, புதுச்சேரி செரினிட்டி கடற்கரையில் அலைச்சறுக்கு சொல்லித்தரும் எனக்கு ரொம்பவே உதவும். அமெரிக்கப் பயிற்றுநர் சங்கமான பிஎஸ்ஐஏ-வின் 'கேப்' முறையை மட்டும் இன்னும் விரித்துச் சொல்லியிருக்கலாம். பிள்ளையின் அறிவு, மனநிலை, உடல் மூன்றையும் பார்த்துப் பாடம் அமைப்பது அது. 5 வயதுப் பிள்ளைக்கு உடம்பை ஒப்பிட்டால் தலை பெரிது, கனம் மேல்பக்கம் இருக்கும். பெரியவர்கள் மாதிரி நிற்கச் சொல்லக் கூடாது. எதிரே நின்று செய்துகாட்டினால் இடம் வலம் குழம்பிவிடும். பிள்ளை பார்க்கும் திசையிலேயே நாமும் நிற்க வேண்டும், பனியானாலும் அலையானாலும். அப்புறம், பயந்த பிள்ளையைத் தண்ணீருக்குள் இழுக்கவே கூடாது. இதெல்லாம் தமிழில் சின்னக் கையேடாக வந்தால், கடலூர் பக்கம் நீச்சல் சொல்லித்தரும் தம்பிகளுக்கும் நானே அச்சடித்துக் கொடுப்பேன்.